கல்பாலத்து விளக்கு

மணல்துறை,
12-1-1992

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா துணையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். கிறிஸ்துமஸ் போயிற்று, வருஷப் பிறப்பும் போயிற்று, இரண்டுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இல்லை என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்.

பெங்களூர் அமைதியாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். பஸ் ஓடுகிறதாம், பள்ளிக்கூடம் திறந்தாயிற்றாம். காவிரிக் கலவரம் அடங்கும்வரை பத்து நாள் அப்பா வீட்டில் இரு என்று சொல்லித்தானே ரயில் ஏற்றினீர்கள்? கலவரத்தன்று நம்மை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா, நான் கிளம்பும்போது "ஹோகி பன்னி" என்றார். போய்விட்டு வா என்று கன்னடத்தில் அவர் சொன்னதுகூட எனக்குப் புரிந்தது. நீங்கள் சொன்னதில்தான் 'வா' இருந்ததா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோயிலுக்குப் போனால் பெண்கள் சுற்றிக்கொள்கிறார்கள். "மாப்பிள எப்பம் வருவாரு?" என்று ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டு, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று கேட்கிறார்கள். நானே ரயில் ஏறி வந்துவிடுவேன். புருஷன் கூப்பிடாமல் போய் நிற்காதே என்று அப்பா தடுக்கிறார்.

தையல் மெஷினை ஜன்னல் ஓரத்தில் விட்டுவிட்டு வந்தேன். சாரல் படும், தள்ளிப் போடுங்கள். என்றைக்கு வந்து அழைத்துப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மனைவி,
அமலோற்பவம்


அல்சூர், பெங்களூர்,
27-1-1992

அன்புள்ள அமலிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் கட்டிக்கொண்டது பெண்ணையா வக்கீலையா என்று சிரித்தேன். ஆபீசில் இரண்டு பேருக்குப் படித்தும் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள்.

கோபப்படாமல் கேள். எங்கள் கம்பெனியில் பீசோ வில்லை என்று பீங்கானில் செய்கிறோமே, டெலிபோனுக்குள் வைத்தால் கீச்சென்று சத்தம் போடுமே, அதேதான். அதற்குக் கரண்ட் கொடுத்தால் அதிரும். திருப்பிப் போட்டால், அதை அழுத்தினாலோ வளைத்தாலோ கரண்ட் வரும். நீ அடுப்புப் பற்றவைக்கிற கேஸ் லைட்டரில் தட்டினால் பொறி வருவது இதனால்தான். இப்போது யோசி. ராவும் பகலும் சலிக்காமல் தட்டிக்கொண்டிருக்கும் ஒன்று உலகத்தில் எது? கடல். அது உன் அப்பா வீட்டு வாசலில் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற எந்த எஞ்சினியருக்கும் மாமனார் வீட்டில் கடல் இல்லை. எனக்கு இருக்கிறது.

பிப்ரவரியில் வருகிறேன். ராஜா காலத்தில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்பாலத்தின் நுனியில் தகடுகளைப் பொருத்தி, அலை அடிக்க அடிக்க வில்லைகள் வளையும்படி செய்யப்போகிறேன். அதில் வரும் கரண்ட் ஒரு பேட்டரியில் சேரும், பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு ஒரு வருஷம் அணையாமல் எரிந்தது என்று காட்டினால் டெல்லி சர்க்காரில் என் திட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். கரையில் நம்பிக்கையான ஆள் வேண்டும். உன்னைவிட வேறு யார் எனக்கு?

ஆகவே ஒரு வருஷம் பொறு. விளக்கு எரிந்து முடிந்ததும் நானே வந்து அழைத்துப்போகிறேன். இது சத்தியம். அதுவரை உன்னை இங்கே வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்.

அன்புடன்,
ஓஸ்வால்ட்

தையல் மெஷினைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.


மணல்துறை,
8-3-1992

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. வந்திருந்த நான்கு நாளில் முக்கால்வாசி நேரம் பாலத்தின் நுனியில்தான் இருந்தீர்கள். சோறு கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கும் கொஞ்சம் உங்களைப் பார்க்கக் கிடைத்தது. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்த அன்று ஊரே விளக்கைப் பார்க்க வந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று சொல்கிறேன். கட்டுமரக்காரர்கள் இருட்டில் கரைக்கு வரும்போது, இரண்டு பாறைக்கும் நடுவே உள்ள வழியை இப்போது உங்கள் சிவப்பு விளக்கை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். அலெக்சாண்டர் பெரியப்பா, மாப்பிள்ளைக்கு என்று ஒரு கூறு நெய்மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் இல்லை, நான்தான் தின்றேன்.

ஒரு சங்கடமான செய்தி. முந்தாநாள் முதல் விளக்கு எரியவில்லை. பெட்டியில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. தகட்டின் ஓரத்தில் நீங்கள் பூசிய வார்னிஷ் உரிந்திருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்குமோ? ஒரு முறை வந்து பார்த்தால் நல்லது.

தங்கள் அன்பு மனைவி,
அமலோற்பவம்


அல்சூர், பெங்களூர்,
17-3-1992

அமலிக்கு,

வார்னிஷ் உரியாது. அது கப்பலுக்கு அடிக்கிற வார்னிஷ். பத்தாம் கிளாஸ் படித்துவிட்டுப் பாவாடைக்கு நாடா கோர்க்கிற உனக்கு உப்புத்தண்ணீர் எங்கே போகும் என்று தெரியுமானால் நான் எதற்கு எம்.எஸ்சி. படித்தேன்?

உன் புத்தி எனக்குப் புரிகிறது. விளக்கு கெட்டுப்போனால் புருஷன் ஓடி வருவான், அப்படியே ஒட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடலாம் என்று பார்க்கிறாய். அது நடக்காது. டெல்லிக்கு எழுதிவிட்டேன், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று. இனி அது எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒயர் முனையைத் துடைத்து இறுக்கு. வேறு எதையும் அவிழ்க்காதே.

ஞாயிறுதோறும் இரண்டே விஷயம் கார்டில் எழுதிப் போடு. பேட்டரியில் எத்தனை வோல்ட், விளக்கு எரிகிறதா. மீட்டரை எப்படி வைப்பது என்று காட்டியிருக்கிறேன். உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டாம். விளக்கு அணைந்தது என்று இன்னொரு கடிதம் வந்தால், அதை நம் கல்யாணத்தை முறிக்க நீ எழுதிய கடிதமாகவே எடுத்துக்கொள்வேன். அப்பா வீட்டிலேயே தையல் வேலை பார்த்துக்கொண்டு இரு.

ஓஸ்வால்ட்


மணல்துறை,
29-3-1992

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி முனையைத் துடைத்து இறுக்கினேன். விளக்கு எரிகிறது. பேட்டரி ஆறு புள்ளி இரண்டு வோல்ட். என் பார்வைதான் சரியில்லை. இனி உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பை கனக்கிறது என்று நீங்கள் விட்டுப்போன இன்னொரு பேட்டரியும் சார்ஜரும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. கரண்ட் மீட்டர் ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று அப்பா கேட்டார். சாயந்திரம் தையல் வேலை அதிகம், பல்பு எரிகிறது என்றேன். கையால் தைக்கிறவளுக்கு அவ்வளவு கரண்டா என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை, பாவம்.

ஒரு வருஷம்தானே. சத்தியம் செய்திருக்கிறீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

தங்கள் அன்பு மனைவி,
அமலோற்பவம்


அடுகோடி, பெங்களூர்,
21-6-1992

அன்புள்ள அமலிக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அல்சூர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். கன்டோன்மென்ட்காரர் தியோடர் என்று ஒருவர், நம் சபைதான், என் திட்டத்தைக் கேட்டுவிட்டு அடுகோடியில் தன் பழைய லேத் பட்டறையைக் கொடுத்திருக்கிறார். மாடியில் இரண்டு அறை. அங்கேயே தங்கிக்கொண்டேன். சாமான்களும் இங்கே வந்துவிட்டன.

உன் கார்டுகள் ஒழுங்காக வருகின்றன. வெளிச்சமும் குறையவில்லை, வோல்ட்டும் இறங்கவில்லை. அப்படியென்றால் நம் செலவுக்கு மேல் கடல் சம்பாதிக்கிறது என்று அர்த்தம். தியோடரின் தங்கை வீணா இந்தக் கணக்கையெல்லாம் டைப் அடித்து ரிப்போர்ட்டாக்கிக் கொடுக்கிறாள். உன் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி முத்து முத்தாக இருக்கிறதாம்.

காலி செய்யும்போது வீட்டுக்காரம்மா உன்னைக் கேட்டார். வருவாள் என்று சொல்லிவைத்தேன்.

அன்புடன்,
ஓஸ்வால்ட்


மணல்துறை,
2-8-1992

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் கோணல்மாணலாக இருந்தால் மன்னியுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வீணாவிடம், முத்து உதிர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆடி மாசக் கடல் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. பாலத்தின் மேலேயே அலை ஏறி அடிக்கிறது. போன சனிக்கிழமை விளக்கைப் பார்க்கப் போனபோது பாசியில் வழுக்கிவிட்டேன். அலை இழுத்ததில் ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை கல்லில் மோதி மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அலெக்சாண்டர் பெரியப்பா பார்த்து ஓடி வந்து தூக்காவிட்டால் இந்த வாரம் உங்களுக்குக் கார்டு வந்திருக்காது. நாகர்கோவிலில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. வலி உண்டு. அம்மா இல்லாத வீட்டில் அப்பா எனக்குத் தலை பின்னி விடுகிறார், பார்க்கச் சகிக்காது.

விளக்கு எரிகிறது. ஆறு புள்ளி ஒன்று.

முடிந்தால் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

தங்கள் அன்பு மனைவி,
அமலோற்பவம்


அடுகோடி, பெங்களூர்,
13-8-1992

அன்புள்ள அமலிக்கு,

கடிதம் கண்டேன். பேட்டரி நனையவில்லையே? பெட்டியின் மூடியில் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து உடனே எழுது. ஆறு புள்ளி ஒன்று என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆடிக் காற்றில் ஏறத்தானே வேண்டும்?

கையைப் பார்த்துக்கொள். எலும்பு தானாகக் கூடிவிடும். பட்டறையை விட்டு நகர நேரமில்லை.

அன்புடன்,
ஓஸ்வால்ட்


மணல்துறை,
29-11-1992

அன்புள்ள அத்தானுக்கு,

ரப்பர் சரியாக இருக்கிறது. பேட்டரி சுகம். கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக.

கிறிஸ்துமசுக்குக் கட்டாயம் வாருங்கள். நானும் உங்களை வற்புறுத்தக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் விளக்கைப் பற்றி உங்களிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கடிதத்தில் எழுதப் பயமாக இருக்கிறது, உங்கள் பங்குனி மாசக் கடிதம் இன்னும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நேரில் என்றால் நீங்கள் திட்டினாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன். பாலத்துக்கு ஒன்றாகப் போவோம். நீங்களே தகட்டைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

இது பெங்களூர் வருவதற்கான தந்திரம் இல்லை. நான் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வாருங்கள்.

தங்கள் அன்பு மனைவி,
அமலோற்பவம்


அடுகோடி, பெங்களூர்,
9-3-1993

அன்புள்ள அமலிக்கு,

கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பினேனே, கிடைத்திருக்கும். நேரில் வந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன, விளக்குத்தான் எரிகிறதே. வருஷம் நிறைந்துவிட்டது. டெல்லியிலிருந்து மே மாதம் அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்துச் சரி என்றுவிட்டால் முடிந்தது. நான் கம்பெனி வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். உன் உதவியை நான் மறக்கவே மாட்டேன். ரிப்போர்ட்டில் உன்னைப் பற்றி 'உள்ளூர்ப் பார்வையாளர்' என்று போட்டிருக்கிறோம்.

இப்போது ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாம் சேர்ந்திருந்தது ஒன்றரை வருஷம், பிரிந்திருப்பது அதற்குக் கிட்டத்தட்டச் சமம். பிள்ளையும் இல்லை. உன் ஊர், உன் பேச்சு, என் வேலை, எதுவும் ஒட்டவில்லை. வீணாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். தியோடருக்கு எல்லாம் கோயிலில் முறைப்படி நடக்க வேண்டும். அதற்கு, நம் கல்யாணம் செல்லாது என்று பிஷப்பின் மேற்றிராசனத்தில் தீர்ப்பாக வேண்டும்.

வழி சுலபம். அப்பா கட்டாயப்படுத்தினார், பயந்துபோய் மனமில்லாமல் சம்மதித்தேன் என்று நீ உங்கள் சாமியார் முன்னால் சொல்ல வேண்டும். வாசகத்தை வீணா டைப் அடித்து இத்துடன் இணைத்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் பெயரில் ஒரு பழி விழுந்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

உன் தையல் மெஷினை நினைத்துக் கவலைப்படாதே. வீணா அதை நன்றாக எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். திரைச்சீலை எல்லாம் அதில்தான் தைத்தாள்.

அன்புடன்,
ஓஸ்வால்ட்


மணல்துறை,
28-3-1993

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் வீணா டைப் அடித்த காகிதமும் கிடைத்தன. பிழையில்லாமல் அடித்திருக்கிறாள். சாமியார் விசாரணைக்குக் கூப்பிடும்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் அழுதேனா என்று நீங்கள் கேட்கவில்லை. அழுதேன். அப்பாவுக்குக் கேட்காமல் இருக்கப் பாலத்துக்குப் போய் அழுதேன். கேட்காவிட்டாலும் எழுதிவைக்கிறேன்.

மே மாதம் வரும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். அதிகாரிகளோடு வராமல், முந்தின நாளே நீங்கள் மட்டும் வாருங்கள். பாலத்தில் ஒரு மணி நேரம் என்னோடு நில்லுங்கள். உங்களுக்கு நல்லது என்றுதான் சொல்கிறேன். இதற்கு மேல் கேட்கமாட்டேன்.

விளக்கு எரிகிறது.

அமலோற்பவம்


அடுகோடி, பெங்களூர்,
14-4-1993

அன்புள்ள அமலிக்கு,

நீ இவ்வளவு பெருந்தன்மையாக இருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீணாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மே எட்டாம் தேதி சாயந்திரம், இருட்டுகிற நேரத்துக்கு அதிகாரிகளோடு வருகிறோம். முந்தின நாள் முடியாது. வீணா கன்னியாகுமரி பார்த்ததில்லை, சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்கிறாள். அதோடு, உன்னோடு தனியாக நின்று பழைய கதை பேசுவதில் இரண்டு பேருக்கும் கஷ்டம்தான் மிச்சம். விளக்கு நன்றாக எரிகிறபோது நான் முன்னால் வந்து பார்க்க என்ன இருக்கிறது?

ஏழெட்டுப் பேர் இருப்போம். ஃபிளாஸ்கில் டீ போட்டு எடுத்து வந்துவிடு. பாலத்தில் கடை எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் உள்ளூர்ப் பார்வையாளர் என்று மட்டும் சொல். சாதாரணச் சேலை போதும்.

அன்புடன்,
ஓஸ்வால்ட்


அடுகோடி, பெங்களூர்,
17-5-1993

அமலி,

என்ன நடந்தது என்று எழுது. ஒன்பது நாளாக எனக்குத் தூக்கமில்லை.

இருட்டியது, விளக்கு எரியவில்லை. லூஸ் கான்டாக்ட் என்று நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். பெட்டியைத் திறந்தால் பேட்டரியே இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்றேன். சரி, கடலிலிருந்து வருகிற ஒயரில் பார்ப்போம் என்று அந்த வயதான அதிகாரி மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை. தகட்டைத் தூக்கினார். வில்லைகள் உளுத்த அப்பளம் மாதிரி அவர் கையில் உதிர்ந்தன. இது விண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். பிறகு வீணா டைப் அடித்த ரிப்போர்ட்டை விரித்து, "அப்ப இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, மிஸ்டர் ஓஸ்வால்ட்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

நீ ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய். அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாய்.

நான் பொய்க் கணக்கு காட்டி ஏமாற்றியவன் என்று டெல்லியில் எழுதிவிட்டார்கள். கம்பெனியில் திரும்ப எடுக்கமாட்டார்கள். தியோடர் பட்டறைச் சாவியைக் கேட்கிறார். சாமியாரிடம் நீ என்ன சொன்னாய் என்றும் தெரியவில்லை, மேற்றிராசனத்திலிருந்து பதில் இல்லை. உன் கார்டுகள் எல்லாம் என் மேஜையில் இருக்கின்றன. ஐம்பதுக்கு மேல் இருக்கும். நீதானே எழுதினாய்? நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நான் டெல்லிக்குக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். புருஷன் என்று என்மேல் உனக்குக் கொஞ்சமாவது பாசம் இருந்தால் உடனே எழுது.

ஓஸ்வால்ட்


மணல்துறை,
6-6-1993

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா துணையால் இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தகடு மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதை எழுதினேன். கல்யாணத்தை முறிக்க எழுதிய கடிதம் என்றீர்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் கரண்டில் சார்ஜ் போட்டேன், மற்றதைப் பெட்டியில் வைத்தேன். மீட்டர் என்ன காட்டியதோ அதைத்தான் உங்களுக்கு எழுதினேன். பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று கேட்டீர்கள், கடல் ஒயரில் எத்தனை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏமாற்றினேன்தான். உங்கள் சத்தியத்துக்காக ஏமாற்றினேன். ஆடி மாசத்தில் என் கை ஒடிந்தது உங்கள் விளக்கைப் பார்க்கப் போய் இல்லை, பேட்டரி மாற்றப் போய்.

மூன்று தடவை உங்களை வரச் சொன்னேன். கை ஒடிந்தபோது, கிறிஸ்துமசுக்கு, கடைசியாக முந்தின நாள். பெண்டாட்டியைப் பார்க்க வராவிட்டால் போகிறது, சொந்தக் கையால் செய்த சாமானைப் பார்க்கக்கூட ஒரு வருஷம் வராத எஞ்சினியரை நான் கேள்விப்பட்டதில்லை. ஏழாம் தேதி காலையிலிருந்து பாலத்தில்தான் இருந்தேன். பேட்டரியை எடுக்கவில்லை. நீங்கள் தனியாக வந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லி, அதிகாரிகளைத் தள்ளிப்போடச் சொல்லி, உங்கள் காலில் விழுந்திருப்பேன். வீணாவைக் கட்டிக்கொள்ளும் உங்களைக்கூட அன்றைக்குக் காப்பாற்றியிருப்பேன், அவ்வளவு வெட்கம் கெட்டவளாக இருந்தேன். இருட்டியது. நீங்கள் சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் மத்தியானம் போய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தேன், டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

அந்த அதிகாரி கையில் வில்லை உதிர்ந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டது பாவம் என்று சாமியார் சொல்லி, ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். சந்தோஷம் போகவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். கீழே போட்டிருக்கிறேன், டெல்லிக்குத் தாராளமாகக் காட்டுங்கள். ஒரு வருஷம் பெண்டாட்டி மாற்றிவைத்த பேட்டரியைக் கடல் கொடுத்த கரண்ட் என்று நம்பினேன் என்று அவர்களிடம் சொன்னால், ஏமாற்றியவன் என்ற பேர் போய் மடையன் என்ற பேர் வரும். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமியார் விசாரணைக்குக் கூப்பிட்டார். வீணாவின் காகிதத்தைக் காட்டி இது உண்மையா என்று கேட்டார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பீடத்துக்கு முன்னால் முழு மனதோடு சரி என்று சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்பேன் என்று சொல்லிவிட்டேன். அதை எழுதிக்கொண்டு மேற்றிராசனத்துக்கு அனுப்பிவிட்டார். உங்களுக்காக நான் சொன்ன பொய் ஒன்று போதும், அப்பாவை வைத்து இன்னொன்று சொல்ல முடியாது. ஆகையால் நம் கல்யாணம் செல்லும். நான் சாகிறவரைக்கும் செல்லும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆயுசு கெட்டி.

தையல் மெஷினை லாரி ஆபீசில் போட்டு அனுப்புங்கள். எண்ணெய் போட்டதற்கு வீணாவுக்கு நன்றி சொல்லவும். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தால், நான் வரமாட்டேன் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எல்லோரும் வேன் ஏறிப் போன அன்றைக்கே, டீ ஃபிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேட்டரியைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். கட்டுமரங்கள் கரைக்கு வரும் நேரம், அவர்களுக்குப் பாறை தெரிய வேண்டுமே. அலெக்சாண்டர் பெரியப்பா எல்லோரிடமும் அதை மாப்பிள்ளை விளக்கு என்றுதான் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு புள்ளி இரண்டு. விளக்கு எரிகிறது.

தங்கள் மனைவி,
அமலோற்பவம் ஓஸ்வால்ட்